"ஷரீஅத்துக்கு முரணான சட்டம் கூடாது": அந்த முரணைத் தீர்மானிப்பவர் யார்? (இஸ்லாமும் மக்களாட்சியும், விவாத இழை)

#1 ராயபுரம்_சட்டவாசகன்

இந்தத் தலைப்பில் பேச்சு எடுத்தாலே இரண்டு வசனங்கள் வந்து நின்றுவிடும். காரியங்களைத் தமக்குள் கலந்தாலோசித்து நடத்துவோரைப் புகழும் 42:38 ஒரு பக்கம். "அதிகாரம் அல்லாஹ்வுக்கே" என்ற 12:40 இன்னொரு பக்கம். இரண்டையும் மனதார நம்புகிறவர்கள் தேர்தலில் நின்றிருக்கிறார்கள். தேர்தலே கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். வசனத்துக்கு வசனம் வைத்து இந்தக் கேள்வி தீராது என்பது என் உறுதியான எண்ணம். அரசியல் சாசனத்தில் ஒரே ஒரு விதி எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது: "ஷரீஅத்துக்கு முரணான சட்டம் செல்லாது" என்ற விதி.

அந்த விதியைப் பார்த்ததும் நான் தேடுவது இவற்றைத்தான். பழைய சட்டங்களுக்கும் அது பொருந்துமா, இனி இயற்றுபவைக்கு மட்டுமா? முரண் என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்திடமா, உலமா (மார்க்க அறிஞர்) சபையிடமா? அவர்களை நியமிப்பது யார், நீக்குவது யார்? அவர்கள் சொன்னது மக்களுக்கு ஏற்கவில்லை என்றால் அடுத்த தேர்தல் வழியாக மாற்ற வழி உண்டா?

எகிப்தைப் பாருங்கள். 1971 சாசனத்தின் 2-ஆம் பிரிவு, ஷரீஅத் கோட்பாடுகள் சட்டத்துக்கு "ஒரு முக்கிய மூலம்" என்றது. 1980-ல் "ஒரு" என்ற சொல் போய், அதுவே "முக்கிய மூலம்" என்று திருத்தப்பட்டது. அப்படியானால் வட்டியை அனுமதிக்கும் சிவில் சட்டம் 226-ஆம் பிரிவு (சிவில் கடனுக்கு 4%, வணிகக் கடனுக்கு 5%) என்ன ஆகும்? வழக்கு போட்டது கெய்ரோவின் மார்க்கப் பல்கலைக்கழகமான அல்-அஸ்ஹர் தரப்பு. 1985-ல் உச்ச அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன பதில்: இந்தத் திருத்தம் 1980-க்குப் பிறகு நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்களைக் கட்டுப்படுத்தும்; முந்தைய சட்டங்களை மாற்றுவது நாடாளுமன்றத்தின் பொறுப்பு. 226 தப்பித்தது. விதி அதே விதிதான். அதைப் படித்தவர்கள் தொழில்முறை நீதிபதிகள் என்பதால் விளைவு இப்படி ஆனது. அதே விதி வேறு கைக்குப் போயிருந்தால் ஒரே நாளில் வங்கித் துறையே நின்றிருக்கும்.

#2 திருவல்லிக்கேணி_பாகவி

அஸ்ஸலாமு அலைக்கும். சட்டவாசகன் சகோதரரின் அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வசனங்களைத் தாண்டிப் போவதற்கு முன் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட இயல்) என்ன சொல்கிறது என்பதை இங்கே வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் "இஸ்லாத்தில் கலீஃபா முறை மட்டும்தான்" என்று யாராவது வந்து நிற்பார்கள்.

632-ல் நபி (ஸல்) மறைந்தபோது வாரிசு என்று யாரையும் எழுதி வைக்கவில்லை என்பது அஹ்லுஸ் சுன்னா (சுன்னி) நிலைப்பாடு. மதீனாவின் ஸகீஃபா கூடத்தில் கூடிப் பேசி அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு பைஅத் (விசுவாச உறுதிமொழி) கொடுத்தார்கள். 634-ல் அவர் உமர் (ரலி) அவர்களைப் பரிந்துரைத்துவிட்டுப் போனார். உமர் (ரலி) 644-ல் மரணப் படுக்கையில் ஆறு பேர் குழு அமைத்தார். மூன்று நாள் கெடு. தம் மகன் அப்துல்லாஹ் ஆலோசனைக்கு உட்காரலாம், பதவிக்கு வரக்கூடாது என்று தடுத்தார். குழுவில் இருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) தாம் போட்டியிலிருந்து விலகி, மதீனாவில் ஆள் ஆளாகக் கருத்துக் கேட்டார். ஆக முதல் மூன்று தேர்வும் மூன்று விதம். வழிமுறை மார்க்கத்தால் நிலைநிறுத்தப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம்.

அப்பாஸிய கால நீதிபதி அல்-மாவர்தி (இறப்பு 1058) இதைத் தொகுத்தபோது, கலீஃபாவைத் தேர்வு செய்யக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பதிலேயே உலமாக்களின் மாறுபட்ட கருத்துகளைப் பதிந்திருக்கிறார்: எல்லா ஊர்களின் பெரும்பான்மையும் வேண்டும், ஐந்து பேர் போதும், மூன்று போதும், ஒருவரே போதும் என்று. எண்ணிக்கையே முடிவாகாத ஒரு விஷயத்தில் 20 கோடி பேர் வாக்களிப்பதை மார்க்க விரோதம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு அடிப்படை: இபாதத்தில் (வணக்கத்தில்) ஆதாரம் இல்லாதது கூடாது, முஆமலாத்தில் (உலக விவகாரங்களில்) தடை இல்லாதது கூடும். வாக்குப்பெட்டி, பதவிக்காலம், எதிர்க்கட்சி எல்லாம் இரண்டாவது வகை.

#3 பெரம்பூர்_தோழர்

பாகவி ஹஜ்ரத், மரியாதையோடு மறுக்கிறேன்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் எல்லோரும் பெருமையோடு சொல்கிறோம். பராந்தக சோழன் காலம், 919, 921 ஆண்டுகள். குடவோலை, வாரியம், கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் தகுதி நீக்கம், எல்லாம் இருக்கிறது. ஆனால் பெயர் எழுதிப் போட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-லிருந்து 70 வயது, வேதப் பயிற்சி வேண்டும். அது பிராமணர் சபை. அதை வைத்துத் தமிழ் மரபில் ஜனநாயகம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஸகீஃபாவுக்கும் அதே அளவுகோல்தான்.

தேர்வு முறை இருந்ததா என்பது சின்னக் கேள்வி. எல்லோரும் சமமான குடிமக்களா என்பதுதான் பெரிய கேள்வி. பெண் ஆட்சித் தலைவர் ஆகலாமா? முஸ்லிம் அல்லாதவர் ஆகலாமா? மதத்தை விட்டு வெளியே போகலாமா? இந்த மூன்றுக்கும் நேரடியான பதில் வராமல் ஷூரா (கலந்தாலோசனை) பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குத் திருப்தி வராது.

#4 மண்ணடி_வக்கீல்

தோழர் கேட்டது சரியான கேள்வி. மூன்றில் இரண்டுக்கு நடைமுறையிலிருந்து சொல்கிறேன்; மூன்றாவதை ஹஜ்ரத் சொல்லட்டும்.

பெண்: "தம் விவகாரத்தைப் பெண்ணிடம் ஒப்படைத்த சமூகம் வெற்றி பெறாது" என்ற, புகாரி தொகுப்பில் உள்ள ஹதீஸைத்தான் (நபிமொழியைத்தான்) எல்லோரும் எடுப்பார்கள். இதே ஹதீஸை அறிந்த, ஜமாஅத்தே இஸ்லாமி நிறுவனர் மௌலானா மௌதூதி 1965 பாகிஸ்தான் ஜனாதிபதித் தேர்தலில் ராணுவ ஆட்சியாளர் அயூப் கானுக்கு எதிராக, ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னாவை ஆதரித்தார். சர்வாதிகாரம் அதைவிடப் பெரிய தீமை என்பது அவர் தரப்பு நியாயம். (அந்தத் தேர்தலில் மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை; 80,000 "அடிப்படை ஜனநாயக" உறுப்பினர்கள்தான் வாக்களித்தார்கள். தோல்விக்கு அது முக்கியக் காரணம்.) பிறகு 1988-ல் பெனாசிர், 1991-ல் கலீதா ஜியா, 1993-ல் துருக்கியில் தான்சு சில்லர், 1996-ல் ஹசீனா, 2001-ல் இந்தோனேசியாவில் மேகவதி. எல்லோரும் பெரும்பான்மை முஸ்லிம் நாடுகளில் ஆட்சி நடத்தியவர்கள்.

முஸ்லிம் அல்லாதவர்: இங்கே நாடு நாடாகப் பிரித்துத்தான் பேச வேண்டும். பாகிஸ்தான் 1973 சாசனத்தின் 41(2) ஜனாதிபதி முஸ்லிமாக இருக்க வேண்டும் என்கிறது, பிரதமருக்கும் அதே நிபந்தனை. துனிசியா 2014 சாசனத்தின் 74-ஆம் பிரிவிலும் ஜனாதிபதிக்கு அந்த நிபந்தனை இருந்தது. ஈரான் நாடாளுமன்றத்தின் 290 இடங்களில் ஐந்து மட்டும் ஆர்மீனியர், அசிரியர், யூதர், ஸோரோஸ்திரியருக்கு ஒதுக்கீடு, பஹாய்களுக்கு ஒன்றுமில்லை. இந்தோனேசியாவில் சாசனத் தடை எதுவும் இல்லை. செனகலில் மக்கள் தொகையில் சுமார் 95% முஸ்லிம்கள். அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி செங்கோர் கத்தோலிக்கர், 1960 முதல் 1980 வரை பதவியில் இருந்தார்.

குடியுரிமைச் சமத்துவம்தான் இதில் கடினமான பகுதி என்பதை முஸ்லிம் தரப்பு வெளிப்படையாக ஒப்புக்கொண்டு பேச வேண்டும். தேர்தல் நடத்துவது அதோடு ஒப்பிட்டால் எளிது.

#5 சேப்பாக்கம்_மாணவி

ஒரு சந்தேகம். ஈரானில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் தேர்தல் நடக்கிறது, ஜனாதிபதியும் மாறுகிறார். அங்கே "மக்களாட்சி இல்லை" என்று சொல்வது மேற்கத்தியப் பார்வை என்று ஒரு பேராசிரியர் கட்டுரையில் படித்தேன். அண்ணன்மார்கள் விளக்கினால் நல்லது.

#6 ராயபுரம்_சட்டவாசகன்

தங்கச்சி, மேற்கத்தியப் பார்வையை ஓரமாக வைத்துவிட்டு ஈரானின் 1979 சாசனத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். (1989-ல் அது திருத்தப்பட்டது.)

காவலர் குழுவில் 12 பேர். ஆறு ஃபகீஹ்களை (மார்க்கச் சட்ட அறிஞர்களை) உச்சத் தலைவர் நேரடியாக நியமிக்கிறார். மற்ற ஆறு சட்ட அறிஞர்களை நீதித்துறைத் தலைவர் முன்மொழிய, நாடாளுமன்றம் அவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறது. அந்த நீதித்துறைத் தலைவரை நியமிப்பவரும் உச்சத் தலைவர்தான். மசோதா எதுவானாலும் இந்தக் குழுவுக்குப் போக வேண்டும், 10 நாள் அவகாசம். 96-ஆம் பிரிவைக் கவனியுங்கள்: சாசனத்துக்கு முரணா என்பதில் 12 பேரும் வாக்களிக்கலாம், இஸ்லாத்துக்கு முரணா என்பதில் ஆறு ஃபகீஹ்கள் மட்டும். அதில் பெரும்பான்மை என்றால் நான்கு பேர். 290 பேர் ஒருமனதாக நிறைவேற்றினாலும் அந்த நான்கு பேர் நிறுத்தலாம்.

அடுத்து 99-ஆம் பிரிவு, தேர்தல் "மேற்பார்வை". மேற்பார்வை என்றால் வேட்பாளரையே ஏற்கவும் தள்ளவும் அதிகாரம் உண்டு என்று காவலர் குழு 1991-ல் தானே பொருள் கூறிக்கொண்டது. 2021 ஜனாதிபதித் தேர்தலில் மனு கொடுத்தவர்கள் 592, அனுமதி கிடைத்தது 7 பேருக்கு. வாக்குப்பதிவு 48.8%.

சரி, உச்சத் தலைவரை யார் கேட்பது? நிபுணர் சபை அவரைத் தேர்ந்தெடுக்கலாம், நீக்கவும் செய்யலாம். அந்தச் சபையை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அதற்கு நிற்கும் வேட்பாளர்களை வடிகட்டுவது காவலர் குழுவின் ஃபகீஹ்கள், அதாவது உச்சத் தலைவர் நியமித்தவர்கள். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கே வருகிறது. வாக்காளர் எந்தக் கதவைத் தட்டினாலும் கடைசித் தீர்ப்பு அவர் கைக்கு வராது. நான் குறையாகச் சொல்வது இதைத்தான். ஆட்சியில் ஆலிம்கள் இருப்பது தனியாக எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

இந்த ஏற்பாடு அவர்களுக்கே வேலை செய்யவில்லை என்பதும் பதிவில் இருக்கிறது. 1980-களில் தொழிலாளர் சட்டத்தைக் காவலர் குழு திரும்பத் திரும்பத் தள்ளியது. முதலாளி-தொழிலாளி ஒப்பந்தம் இருவருக்கு இடைப்பட்டது, அரசு நிபந்தனை திணிக்க ஷரீஅத்தில் இடமில்லை என்பது வாதம். கடைசியில் அன்றைய உச்சத் தலைவர் கொமெய்னியே 1988 ஜனவரியில், அரசின் நலன் தொழுகை, நோன்பு, ஹஜ்ஜுக்கும் முன்னால் வரும் என்று எழுத வேண்டியிருந்தது. அடுத்த மாதமே, நாடாளுமன்றமும் காவலர் குழுவும் மோதினால் முடிவு சொல்ல நலன் காக்கும் குழு என்று இன்னொரு அமைப்பு உருவானது. தொழிலாளர் சட்டம் 1990-ல் அதன் வழியாகத்தான் வந்தது. மார்க்கத்தைக் காக்க வைத்த விதி, அரசின் நலனுக்காக மார்க்கத்தை ஒதுக்கி வைக்கும் விதியாக முடிந்தது. மார்க்கப் பற்றுள்ளவர்களுக்குத்தான் இது முதலில் வலிக்க வேண்டும்.

#7 எழும்பூர்_நூலகர்

இதற்கு ஜோடியாகப் பாகிஸ்தான் சம்பவம் ஒன்று. 1980-ல் ராணுவ ஆட்சியாளர் ஜியாவுல் ஹக் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் அமைத்தார். 1981-ல் அந்த நீதிமன்றமே, கல்லெறிந்து கொல்லும் தண்டனை குர்ஆனில் இல்லை, அதை ஹத் (மார்க்கம் வரையறுத்த) தண்டனையாக வைத்த சட்டம் இஸ்லாத்துக்கு முரண் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கொடுத்தது. ஜியா என்ன செய்தார்? தன் தீர்ப்பைத் தானே மறு ஆய்வு செய்யும் அதிகாரத்தை அந்த நீதிமன்றத்துக்குக் கொடுத்தார், ஆட்களை மாற்றினார், உலமாக்களைச் சேர்த்தார். 1982-ல் தீர்ப்பு தலைகீழ். நீதிபதிகளின் பதவிக்கால நிபந்தனையை மாற்றும் அதிகாரம் அன்று ஜனாதிபதியிடமே இருந்தது. 2010-ல் 18-ஆம் திருத்தம் வந்துதான் அது போனது.

அந்த நீதிமன்றத்தின் வரம்பிலிருந்து அரசியல் சாசனம், முஸ்லிம் தனியார் சட்டம், நீதிமன்ற நடைமுறைச் சட்டங்கள் ஆகியவற்றை ஜியா முதலிலேயே விலக்கி வைத்திருந்தார். நிதிச் சட்டங்களுக்கும் தற்காலிக விலக்கு; பிறகு அது 10 ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. அதாவது ஆட்சியாளரின் அதிகாரத்தை அது தொட முடியாது. 1984 டிசம்பரில் வாக்கெடுப்பும் நடத்தினார்: இஸ்லாமிய மயமாக்கலை ஆதரிக்கிறீர்களா? "ஆம்" என்றால் ஐந்து ஆண்டுக்கு அவரே ஜனாதிபதி என்று பொருள். எந்த முஸ்லிம் அதற்கு "இல்லை" என்று குத்துவார்?

#8 திருவல்லிக்கேணி_பாகவி

நூலகர் ஐயா சொன்னது மனதை வருத்தும் வரலாறு. மார்க்கத்தின் பெயரை ஒரு மனிதரின் பதவிக்கு அடகு வைத்த நாள் அது.

தோழரின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், மழுப்பாமல். மதம் மாறியவரைப் பற்றி நான்கு மத்ஹபுகளின் (சுன்னி சட்டப் பள்ளிகளின்) பழைய நிலைப்பாடு மரண தண்டனைதான். ஹனஃபியில் மட்டும் பெண்ணுக்கு அது இல்லை, சிறைதான். அந்த ஒரு வேறுபாடே நமக்கு ஒன்றைக் காட்டுகிறது: பெண் போருக்கு வரமாட்டாள் என்பது ஹனஃபிகளின் காரணம். அப்படியானால் தண்டனை நம்பிக்கைக்கு அல்ல, படை திரட்டி எதிர்ப்பதற்கு. "மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்ற 2:256 வசனத்தை இதோடு சேர்த்துப் படித்தவர்களில் அல்-அஸ்ஹர் தலைவராக இருந்த மஹ்மூத் ஷல்தூத் (பதவி 1958–63) ஒருவர்: நம்பிக்கையின்மை மட்டுமே உயிரைப் பறிக்கக் காரணமாகாது என்றார். இந்தோனேசியாவிலும் பாகிஸ்தானிலும்கூட மதம் மாறுவதற்கு என்று தனித் தண்டனைச் சட்டம் இல்லை. ஆனால் மத நிந்தனைச் சட்டம் அந்த வேலையைப் பின்வாசல் வழியாகச் செய்துவிடுகிறது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

எகிப்து நீதிமன்றம் கையாண்ட முறை பற்றியும் ஒரு சொல். 1990-களின் தீர்ப்புகளில் அவர்கள் வைத்த சோதனை இது: மூலமும் பொருளும் ஐயத்துக்கு இடமில்லாத கத்ஈ ஆன விதியை மட்டும் சட்டம் மீறக்கூடாது, ழன்னீ (மாற்றுப் பொருளுக்கு இடமுள்ளவை) ஆன மற்றவற்றில் காலத்துக்கும் மக்கள் நலனுக்கும் ஏற்ப ஆட்சியாளர் இஜ்திஹாத் (சுய ஆய்வு முடிவு) செய்யலாம். 1996-ல் பள்ளியில் மாணவிகள் முகத்திரை அணியத் தடை விதித்த அமைச்சக ஆணையை இதே அளவுகோலில்தான் செல்லும் என்றார்கள். முடிவு பிடிக்கிறதோ இல்லையோ, உஸூலுல் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட நெறிமுறை) படித்த எந்த ஆலிமுக்கும் அந்த வழிமுறை அந்நியமானதல்ல.

#9 பெரம்பூர்_தோழர்

ஹஜ்ரத் நேராகச் சொன்னதற்கு நன்றி. இந்த நேர்மை பொதுமேடைகளிலும் வேண்டும்.

எகிப்தை இவ்வளவு புகழ்கிறீர்கள். மக்கள் 2012-ல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்த, முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் முர்ஸி (51.7%) நவம்பர் 22 அன்று தன் ஆணைகளை எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று அறிவித்தார். டிசம்பர் சாசனத்தில் 219-ஆம் பிரிவு என்று ஒன்றைச் சேர்த்து, ஷரீஅத் கோட்பாடு என்றால் என்ன என்பதைச் சுன்னி மத்ஹபு நூல்களோடு கட்டினார்கள். 4-ஆம் பிரிவில் அல்-அஸ்ஹரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். வாக்கெடுப்பில் பங்கேற்றது மூன்றில் ஒரு பங்கு. "ஒரே ஒரு முறை தேர்தல், பிறகு கிடையாது" என்ற பயம் இப்படித்தான் வருகிறது.

#10 ராயபுரம்_சட்டவாசகன்

பயம் நியாயம், தோழர். நவம்பர் ஆணையை நானும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அதற்கு முடிவு கட்டியது யார்? 2013 ஜூலை 3 அன்று ராணுவம். 219-ஆம் பிரிவு 2014-ல் போய்விட்டது, 2-ஆம் பிரிவு இருக்கிறது, தேர்தல்தான் உயிரோடு இல்லை. அல்ஜீரியாவிலும் அப்படியே: 1991 டிசம்பர் முதல் சுற்றில் முடிவான 231 இடங்களில் 188-ஐ இஸ்லாமிய மீட்பு முன்னணி வென்றது, ஜனவரியில் ராணுவம் தேர்தலை ரத்து செய்தது, அதன் பின் பத்தாண்டு ரத்தம். அவர்கள் ஜெயித்திருந்தால் அடுத்த தேர்தல் நடந்திருக்குமா என்பதை யாரும் இன்று சொல்ல முடியாது. ரத்து செய்தவர்களால் நடக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இந்த விவாதத்தில் நான் அதிகம் பேச விரும்புவது துனிசியா. அங்கே மார்க்கக் கட்சி சரியாக நடந்துகொண்டும் எல்லாம் இடிந்தது. ஏன் இடிந்தது என்பதில் பாடம் இருக்கிறது.

2011 அக்டோபர் தேர்தலில் அன்னஹ்தா என்ற மார்க்கக் கட்சிக்கு 217-ல் 89 இடம். தனிப் பெரும்பான்மை இல்லை, இரண்டு மதச்சார்பற்ற கட்சிகளோடு கூட்டணி. 2012 மார்ச்சில் சாசனத்தில் ஷரீஅத் என்ற சொல்லே வேண்டாம் என்று கட்சி முடிவெடுத்தது. 1959 சாசனத்தின் 1-ஆம் பிரிவு (மதம் இஸ்லாம், மொழி அரபு, ஆட்சி குடியரசு) அப்படியே இருக்கட்டும், 2-ஆம் பிரிவில் "குடிமை அரசு" என்று எழுதலாம் என்றார்கள். 2014 ஜனவரி 26 அன்று 200 பேர் ஆதரவு, 12 எதிர்ப்பு, 4 நடுநிலை. 2016-ல் மார்க்கப் பிரசாரத்தையும் கட்சியையும் தனித்தனியாகப் பிரித்தார்கள்.

பழுது எங்கே? அரசியலமைப்பு நீதிமன்றத்தில். 12 நீதிபதிகள்: நாடாளுமன்றம் 4, நீதித்துறைக் குழு 4, ஜனாதிபதி 4. நாடாளுமன்றத்தின் நால்வருக்கும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 145 வாக்கு வேண்டும். 2018-ல் ஒரே ஒருவர் தேறினார். மற்ற மூவருக்கு 145 சேரவே இல்லை, ஒவ்வொரு கட்சியும் மற்றக் கட்சியின் ஆளைத் தடுத்தது. நீதிமன்றம் அமையவே இல்லை. 2021 ஜூலை 25 அன்று ஜனாதிபதி கைஸ் சையது 80-ஆம் பிரிவு அவசர அதிகாரத்தை எடுத்து நாடாளுமன்றத்தை முடக்கினார். அந்தப் பிரிவே நாடாளுமன்றம் தொடர்ந்து கூடியிருக்க வேண்டும் என்கிறது. 30 நாள் கழித்து அவசரநிலை தொடரலாமா என்பதை அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. நீதிமன்றம் இல்லை. கேட்க ஆளில்லை.

2022 ஜூலையில் அவர் கொண்டுவந்த புதிய சாசனத்தின் 5-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: இஸ்லாத்தின் நோக்கங்களை நிறைவேற்றும் பொறுப்பு அரசுக்கு மட்டுமே உரியது. சாசனத்தில் ஷரீஅத் வேண்டாம் என்ற மார்க்கக் கட்சியின் தலைவர் கன்னூஷி 2023 ஏப்ரலில் கைது. மார்க்கத்தைச் சாசனத்துக்குள் கொண்டுவந்தவர் எந்த இஸ்லாமியக் கட்சியையும் சேராத சட்டப் பேராசிரியர்.

நீதிபதி தேர்வில் முட்டுக்கட்டை வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். இத்தனை மாதத்தில் தேறாவிட்டால் எளிய பெரும்பான்மை போதும் என்றோ, மூத்த நீதிபதிகள் தற்காலிகமாக அமர்வார்கள் என்றோ. அந்த ஒரு வரி இல்லாததால் ஒரு நாடு போனது.

#11 எழும்பூர்_நூலகர்

வேலை செய்த இடங்களையும் சொல்ல வேண்டும்.

இந்தோனேசியா. 1945 ஜூன் 22 ஜகார்த்தா சாசன வரைவில், முஸ்லிம்கள் ஷரீஅத்தைக் கடைப்பிடிக்கும் கடமை பற்றி அவர்கள் மொழியில் ஏழு சொற்கள் இருந்தன. ஆகஸ்ட் 18 அன்று விடுதலைத் தலைவர்களில் ஒருவரான ஹத்தா முஸ்லிம் தலைவர்களோடு கலந்து பேசி அவற்றை நீக்கினார். கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் பிரிந்து போவார்கள் என்ற கவலை காரணம். 1955 தேர்தலில் மார்க்கக் கட்சிகளான மஸ்யூமியும் நஹ்தத்துல் உலமாவும் சேர்ந்து சுமார் 39% எடுத்தும் அந்தச் சொற்களைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. 2002 திருத்தத்தின்போது சில கட்சிகள் மீண்டும் முயன்றன. அப்போது எதிர்த்தவர்களில் நஹ்தத்துல் உலமாவும் முஹம்மதியாவும் உண்டு. நாட்டின் ஆகப் பெரிய இரண்டு மார்க்க அமைப்புகளே வேண்டாம் என்றன. அதே நாட்டில் 1965 மத நிந்தனைச் சட்டத்தை 2010-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லும் என்றது. 2017 மே மாதம் ஜகார்த்தாவின் கிறிஸ்தவ ஆளுநர் அதே குற்றத்துக்கு இரண்டாண்டு சிறை சென்றார். மண்ணடி மேடம் சொன்ன சமத்துவப் பிரச்சினை அங்கும் தீரவில்லை.

செனகல். முரீது என்ற சூஃபி அமைப்பின் தலைவர்கள் "இவருக்கு வாக்களியுங்கள்" என்று தம்மைப் பின்பற்றும் முரீதுகளுக்கு இடும் கட்டளைக்கு அங்கே ந்திகல் என்று பெயர். 1988-ல் ஆளும் ஜனாதிபதிக்கு ஆதரவாக வெளிப்படையாக வந்தது. முரீதுகளில் பலர் அதை ஏற்கவில்லை, அதற்குப் பிறகு தலைமை எச்சரிக்கையானது. 2000, 2012, 2024 மூன்றிலும் ஆட்சி அமைதியாகக் கைமாறியது. 2024 பிப்ரவரியில் ஜனாதிபதி தேர்தலைத் தள்ளிப்போட்டபோது அரசியலமைப்புக் குழு 15-ஆம் தேதி அதை ரத்து செய்தது. மார்ச் 24 தேர்தல் நடந்தது. சில நாள் முன்பு சிறையிலிருந்து வந்தவர் ஜெயித்தார். துனிசியாவில் இல்லாத நடுவர் இங்கே இருந்தார்.

#12 சேப்பாக்கம்_மாணவி

அப்போ இது மதத்தைவிட அரபு நாடுகளின் தனிப் பிரச்சினையா? ஸ்டெபன், ராபர்ட்சன் என்ற அரசியல் ஆய்வாளர்கள் 2003-ல் 47 முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளை 31 அரபு அல்லாதவை, 16 அரபு என்று பிரித்து ஒப்பிட்டது பாடத்தில் வருகிறது. வருமானத்தோடு பார்த்தால் அரபு அல்லாத நாடுகள் தேர்தல் உரிமையில் எதிர்பார்ப்பை மிஞ்சியே நின்றன.

#13 ராயபுரம்_சட்டவாசகன்

ஆமாம் தங்கச்சி, ஆனால் "அரபு" என்பதோடு நிறுத்திவிடாதே. எண்ணெய்ப் பணம் இருந்தால் அரசுக்கு மக்களின் வரி தேவையில்லை, வரி கேட்காத அரசிடம் மக்கள் கணக்கும் கேட்க முடியாது. ராணுவம், எல்லைப் போர்கள், வெளிநாட்டு ஆதரவு என்று காரணங்கள் நிறைய. அதற்குத் தனி இழை போட வேண்டும்.

#14 மண்ணடி_வக்கீல்

சென்னைக்கு வருவோம். சிறுபான்மையாக இருந்து ஜனநாயகத்தில் வாழ்வதும் இந்தக் கேள்வியின் ஒரு பாதி.

1948 மார்ச் 10 அன்று ராஜாஜி ஹாலில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தொடங்கிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில், அரசியல் நிர்ணய சபையில் முஸ்லிம் தனியார் சட்டத்துக்குப் பாதுகாப்புக் கேட்டு 1948 நவம்பர் 23 அன்று திருத்தம் கொண்டுவந்தார். தோற்றது. தனி வாக்காளர் தொகுதிக் கோரிக்கை அதற்கு முன்பே தோற்றிருந்தது. சபையைப் புறக்கணிக்கவில்லை, பிறகு 1962, 1967, 1971 மூன்று முறையும் மஞ்சேரியில் நின்று மக்களவைக்குப் போனார். வாக்கெடுப்பில் தோற்றவர் அதே விதிகளின் கீழ் மறுபடி வாக்குக் கேட்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் ஊரில் இல்லை.

சட்ட நிலை: தலைமைக் காஜியை அரசு நியமிக்கிறது. ஆனால் 1880-ஆம் ஆண்டு காஜிகள் சட்டம் 4-ஆம் பிரிவின்படி அந்தப் பதவிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது. பதர் சயீது தொடுத்த வழக்கில் 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், தலாக் பற்றிக் காஜி தரும் சான்றிதழ் வெறும் கருத்துதான், சட்ட வலு இல்லை என்றது. 2014-லேயே உச்ச நீதிமன்றம் ஃபத்வா யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லியிருந்தது. விரும்பினால் கேட்டுக்கொள்ளலாம், கேட்காவிட்டால் போலீஸ் வராது. சட்டவாசகன் அண்ணன் #1-ல் எழுப்பிய கேள்விக்கு இங்கே கிடைத்திருக்கும் விடை அதுதான்.

நம் மஹல்லா ஜமாஅத்துகளையும் (பகுதிப் பள்ளிவாசல் நிர்வாகங்களையும்) பேச வேண்டும். பல இடங்களில் வாக்காளர் பட்டியல் என்பது சந்தா கட்டும் ஆண் குடும்பத் தலைவர்கள் மட்டும். கெடு முடிந்தும் தேர்தல் நடத்தாமல் அதே நிர்வாகம் உட்கார்ந்திருக்கும். புதுக்குடியிருப்பில் வந்தவர்கள் பட்டியலில் சேர்க்கப்பட மாட்டார்கள். தணிக்கை செய்த கணக்கு நோட்டீஸ் பலகைக்கு வராது. சண்டை முற்றினால் வக்ஃப் வாரியத்துக்குப் போகிறோம், 1995 சட்டத்தின் 65-ஆம் பிரிவில் வாரியமே நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொள்கிறது. நாமே நடத்தியிருக்க வேண்டிய தேர்தலை அதிகாரி வந்து நடத்துகிறார். பட்டியலில் பெண்களைச் சேர்க்க எந்த மார்க்கத் தடை இருக்கிறது? புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் தொடங்க வேண்டி வந்ததே, ஆண்கள் மட்டுமே இருக்கும் ஜமாஅத்துகளில் பெண்களின் குரல் கேட்கப்படாததுதான் அதற்குக் காரணம்.

#15 திருவல்லிக்கேணி_பாகவி

வக்கீல் சகோதரி கேட்டதற்கு: தடை இல்லை. ஜமாஅத் நிர்வாகம் வக்ஃப் சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பு. உமர் (ரலி) தம் வக்ஃபைப் பராமரிக்கும் பொறுப்பை மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார். பெண்ணே முத்தவல்லியாக (வக்ஃப் நிர்வாகியாக) இருக்கலாம் எனும்போது முத்தவல்லியைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கக் கூடாதா? வழக்கத்தைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் இல்லை.

சிறுபான்மை பற்றி: 1938-ல் மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனி, தேசம் நிலத்தால் அமைகிறது, முஸ்லிமும் இந்துவும் ஒரே தேசமாக இருக்கலாம் என்று வாதிட்டார். அல்லாமா இக்பால் கடுமையாக எதிர்த்தார். மதனி எடுத்துக் காட்டியது நபி (ஸல்) மதீனாவாசிகளோடு செய்த மதீனா ஒப்பந்தம்: யூதர்கள் விசுவாசிகளோடு சேர்ந்து ஒரே சமூகம், அவர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்குத் தங்கள் மார்க்கம். தேவ்பந்த் மார்க்கக் கல்விக்கூடத்தின் மிக உயர்ந்த ஆலிம் ஹதீஸ் பாடம் நடத்திக்கொண்டே சொன்ன நிலைப்பாடு இது.

#16 பெரம்பூர்_தோழர்

அந்த ஹஃப்ஸா செய்தியை ஜும்ஆ பயானில் சொல்லுங்கள் ஹஜ்ரத். நான் எழுதும் பத்துப் பதிவுகளைவிட அதற்குப் பலன் அதிகம்.

எனக்கு மிச்சம் இருப்பது ஒரே கேள்வி. ஒரு முறை எழுதிவிட்ட மார்க்க விதியைப் பிறகு வரும் மக்கள் மாற்ற முடியுமா?

#17 சேப்பாக்கம்_மாணவி

இதையே நானும் கேட்க நினைத்தேன். துனிசியா 2014 சாசனத்தின் 1-ஆம் பிரிவிலும் "திருத்த முடியாது" என்று இருந்தது. அப்படியென்றால் ஈரானும் துனிசியாவும் ஒன்றுதானே?

#18 ராயபுரம்_சட்டவாசகன்

இரண்டும் பூட்டுதான், பூட்டி வைத்திருப்பது வேறு. துனிசியாவின் 1-ஆம் பிரிவு நாட்டின் மதத்தைச் சொன்னது. அதை வைத்து எந்தச் சட்டத்தையும் தள்ளுபடி செய்ய யாருக்கும் அதில் அதிகாரம் தரப்படவில்லை. ஈரானின் 177-ஆம் பிரிவு சட்டங்கள் எல்லாம் இஸ்லாமிய அளவுகோலில் அமைய வேண்டும் என்பதையும், ஃபகீஹின் தலைமையையும் சேர்த்தே பூட்டுகிறது. அதாவது முடிவு சொல்லும் ஆளையும் பூட்டிவிட்டது.

மாற்ற முடியுமா என்றால், முடிந்திருக்கிறது தோழர். துருக்கி 1924 சாசனத்தில் அரசின் மதம் இஸ்லாம் என்று இருந்தது, 1928-ல் நாடாளுமன்றமே நீக்கியது. வங்கதேசம் 1972-ல் மதச்சார்பின்மையோடு தொடங்கியது. 1977-ல் ராணுவ ஆட்சி அதை எடுத்தது. 1988-ல் 8-ஆம் திருத்தத்தில் இஸ்லாம் அரச மதமானது. 2011-ல் 15-ஆம் திருத்தம் மதச்சார்பின்மையைத் திரும்பக் கொண்டுவந்தது, அரச மதத்தையும் விட்டுவைத்தது. மூணு முறை மாறியும் அங்கே எந்த உலமா சபைக்கும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் திரும்பத் திருத்த முடிந்தது.

புதிதாக எந்த நாட்டின் வரைவு வந்தாலும் முகவுரையையும் 1, 2-ஆம் பிரிவுகளையும் படித்த கையோடு நீதிபதி நியமன அத்தியாயத்துக்குப் போய்விடு, தங்கச்சி. பிறகு கடைசியில் இருக்கும் திருத்த விதி. நடுவில் இருக்கும் உரிமைகள் பட்டியல் எல்லா நாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.